சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்

பேராக் மாநிலத்தில் அர்ச்சுனனுக்குப் பிடிக்காத ஊர் ஒன்றே ஒன்றுதான். பிடிக்காதது மட்டுமில்லை, அந்த ஊரின் பெயரை வாயால் சொல்லவும் மாட்டார். பேருந்து ஓட்டுகிற ஒருவர் ஊர்ப்பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அடம்பிடித்தால் பிழைப்பு நடக்குமா? நடக்கத்தான் செய்தது. ஈப்போ மேடான் கிட் நிலையத்தில் யாராவது வந்து தஞ்சோங் ரம்புத்தான் பஸ் எது என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் வண்டியைக் கையால் காட்டிவிட்டு, கோலா கங்சார் போகும் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

பேராக்கில் வளர்ந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அந்த ஊரில் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. அதனால் ஊரின் பெயரே வசவாகிப் போனது. கணக்கைத் தப்பாகப் போட்ட பையன், சம்பளத்தைக் குடித்துத் தீர்த்த புருஷன், சொன்ன பேச்சைக் கேட்காத மருமகள் என்று யாரைக் கண்டாலும் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று சொல்லிச் சிரிப்பது நம் ஆட்களின் வழக்கம். அங்கே போய் வைத்தியம் பார்த்துக்கொண்டு நல்லபடியாக வீடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்வதற்குக் காசா பணமா?

அர்ச்சுனன் ஒரு காலத்தில் அந்த வழியில்தான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஊர்ப்பெயரைத் தொண்டை கிழியக் கூவி ஆள் ஏற்றியவர்தான். பிறகு விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்பதை மனைவி புனிதாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவர் வேலை முடிந்து ஒரு மாலை புந்தோங்குக்கு வந்தார். மழைக்கு முன்னால் வரும் புழுக்கம். சுண்ணாம்பு மலைகளின் உச்சி மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. புனிதாவின் அண்ணன் பத்துமலை தன் வீட்டின் பின்கட்டில் கச்சாங் பூத்தே பட்டறை வைத்திருந்தார். கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி என்று ஈப்போ கடைகளுக்குப் போகிற நொறுக்குத்தீனி அத்தனையும் அங்கேதான் வறுபடும். பெரிய பெரிய எண்ணெய்க் குவாலிச் சட்டிகள் கொதித்துக்கொண்டிருந்தன. புனிதா கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு முறுக்கு அச்சை அழுத்திக்கொண்டிருந்தாள். அந்த அச்சை நாள் முழுக்க அழுத்தி அழுத்தி அவள் வலது தோள் இடது தோளைவிடச் சற்று இறங்கியே போய்விட்டது.

வாசலோரம் ஷர்மினி உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் பொரிகிற சத்தம் அவளுக்கு ஆகாது. காதுகளை மூடும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு மடியில் மடிக்கணினியை வைத்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அப்பா, என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள்."

அவள் பேச்சே அப்படித்தான். குழந்தையாக இருந்தபோது வீட்டில் நாள் முழுக்க வானொலி ஓடும். அந்தச் செய்தி வாசிப்பிலிருந்து பேசப் பழகியவள், எல்லாக் குழந்தைகளும் மழலை பேசுகிற வயதில் "அம்மா, உணவு தயாராகிவிட்டதா?" என்று கேட்டாள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஆளுக்கொரு தடவை அவளைப் பேசவைத்துக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். பள்ளியில் பட்டப்பெயர் 'நியூஸ் அக்கா'. இருபத்திரண்டு வயதாகி, பாலிடெக்னிக்கில் கணினிப் படிப்பை முடித்த பிறகும் அந்தத் தமிழ் மாறவில்லை.

"எங்கேம்மா?" என்றார் அர்ச்சுனன்.

"தஞ்சோங் ரம்புத்தானில்."

புனிதாவின் கை நின்றது. அச்சிலிருந்து பாதி தொங்கிய முறுக்கு பொத்தென்று எண்ணெயில் விழுந்தது. மூட்டை கட்டிக்கொண்டிருந்த பத்துமலை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"மாப்ளே, ஒலகத்துல வேற எடமே கெடைக்கலையா புள்ளைக்கு?"

"கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனம், மாமா. இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது."

"எங்க இருந்தா என்னாலா! ஊரு பேரு ஒண்ணு இருக்குல்ல?"

புனிதா துண்டால் முகத்தைத் துடைத்தாள். "நாளைக்கு நல்லது கெட்டதுன்னு நாலு பேரு கேப்பாங்க. ஒம்மக எங்க வேல பாக்குதுன்னு. நான் என்னா சொல்றது? ஏன்டி, சிமோர்னு சொல்லிக்கலாமா? பக்கத்துலதான இருக்கு?"

"சிமோர் வேறு ஊர் அம்மா."

"தெரியுதுடி. சும்மா சொல்லிக்கறதுக்கு."

"சும்மா சொன்னாலும் அது வேறு ஊர்தான்."

புனிதா மாவை அள்ளி அச்சில் திணித்தாள். ஷர்மினிக்குப் பொய் வராது. நல்ல குணம் என்று சொல்லலாம். ஆனால் அதனால் பட்ட பாட்டை அந்தத் தாயைக் கேட்டால்தான் தெரியும். இதற்கு முன் போன நேர்முகத் தேர்வுகள் எல்லாம் அப்படித்தான் கவிழ்ந்தன. ஓர் இடத்தில் எங்கள் நிறுவனத்தில் ஏன் சேர விரும்புகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். "மற்ற நிறுவனங்கள் பதில் போடவில்லை" என்று சொல்லிவிட்டு வந்தாள். இன்னோர் இடத்தில் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கண்ணைப் பார்த்தால் அவளுக்குக் காது கேட்காது. இரண்டில் ஒன்றுதான் முடியும்.

பத்துமலை கெட்ட மனிதர் இல்லை. மூட்டையை ஓரமாக வைத்துவிட்டு அர்ச்சுனனின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இங்க பாருங்க மாப்ளே. நான் மனசுல பட்டதச் சொல்றேன். இதுக்கும் போயி பாத்துட்டு வாங்க, வேணாங்கல. இதுவும் ஆவலன்னா திங்கக்கெழமை இங்க வந்துரட்டும். பாக்கெட் ஒட்டுற மிஷின் இருக்கு. சத்தம் இல்லாத மூலையா பாத்து ஒரு மேசை போட்டுக் குடுக்கறேன். நம்ம புள்ள, நம்ம கண்ணு முன்னால இருந்துட்டுப் போவுது. சரியா?"

"அண்ணே சொல்றது நல்லதுக்குத்தாங்க" என்றாள் புனிதா.

அர்ச்சுனன் பட்டறையின் மூலையைப் பார்த்தார். மகள் அந்த மூலையில் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டிக்கொண்டே கிழவியாவது கண்முன் வந்தது.

*

அந்த மூலை அவளுக்குப் புதிது இல்லை. பள்ளி விட்டு வந்ததும் சின்ன வயதில் அங்கேதான் இருப்பாள். தமிழ்ப்பள்ளியில் கணினி அறை என்று ஒன்று இருந்தது. கணினிகளெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு, அறை பூட்டியே கிடக்கும். குமுதா டீச்சர்தான் சாவியை இவள் கையில் கொடுத்தவர். "ஒடைச்சாலும் பரவால்லம்மா, தொறந்தாவது பாரு" என்றாராம். இவள் உடைக்கவில்லை, பிரித்தாள். கெட்டுப்போனவை என்று ஒதுக்கிய மூன்றைப் பிரித்து ஒன்றாக்கி ஓடவைத்தாள். அன்றிலிருந்து அர்ச்சுனனும் பயணிகளிடம் சொல்லிவைத்தார். பழைய கணினி, பழைய விசைப்பலகை, அறுந்த வயர் என்று எதைக் கொடுத்தாலும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வருவார். மற்ற வீடுகளில் அப்பா வந்தால் பிள்ளைகள் பலகாரப் பையைத் தேடும். இவள் வயரைத் தேடுவாள்.

ஷர்மினியை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அந்தக் காலத்தில்தான். மருத்துவர் அம்மா வெகுநேரம் அவளோடு பேசிவிட்டு, இதற்கு அஸ்பெர்கர் என்று பெயர் என்றார். அர்ச்சுனனுக்குக் காதில் பர்கர் என்றுதான் விழுந்தது. எந்தக் கடையில் என்றே கேட்டுவிட்டார். அந்த அம்மா சிரித்தார், திட்டவில்லை. மூளை கெட்டுப்போகவில்லை, வேறு தடத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான் என்று பொறுமையாகச் சொன்னார். தடம் என்றதும் பஸ்காரருக்குப் புரிந்துவிட்டது. திரும்பும் வழியில் புனிதா அழுதுகொண்டே வந்தாள். அர்ச்சுனன் ஒரு பர்கர் கடையோரம் காரை நிறுத்தி மூவருக்கும் வாங்கினார். ஷர்மினி ரொட்டி தனி, முட்டை தனி, இறைச்சி தனி என்று பிரித்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டாள். சோறும் குழம்பும் ஒன்றையொன்று தொட்டாலே அவள் தட்டைத் தள்ளிவிடுவாள். அவர்களுக்கு அது பழகிப் போயிருந்தது.

இனி ஒரு டப்பா கதை. பிரித்த கணினிகளின் திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்து, மாமாவின் காலி டப்பாக்களில் போட்டு வைப்பாள். கச்சாங் பூத்தே போடுகிற, சிவப்பு மூடி போட்ட அதே பிளாஸ்டிக் டப்பா. தீபாவளி நெருக்கத்தில் பட்டறையில் தலைகால் தெரியாத வேலை. யாரோ அவசரத்தில் ஒரு டப்பாவை எடுத்து மற்றவற்றோடு அடுக்கி, மேலே சீட்டும் ஒட்டிவிட்டார்கள். அது ஒரு பெரிய வீட்டுக்குப் போய்விட்டது. விருந்தாளிக்கு முன்னால் அந்த வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்தால், உள்ளே பளபளவென்று திருகாணி.

பத்துமலை அன்று ஆடிய ஆட்டம் புந்தோங் முழுக்கக் கேட்டது. "இவள இங்க வெச்சிருக்கவே கூடாது! தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும் இவள! நாளைக்கே அனுப்பணும்!"

பட்டறைப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "அவ அப்பா பஸ்ஸே அங்கதான போவுது. டிக்கெட்டுகூட வேணாம்" என்றாள். இன்னும் சிரித்தார்கள்.

மறுநாள் விடியலில் அர்ச்சுனன் வேலைக்குக் கிளம்பக் கதவைத் திறந்தார். ஷர்மினி வாசலில் தயாராக நின்றாள். தலை வாரியிருந்தது. முதுகில் பள்ளிப் பை. பைக்குள் இரண்டு கவுன், பல் துலக்கும் பிரஷ், திருப்புளி.

"அப்பா, மாமா என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னார். நாளைக்கே என்றும் சொன்னார். உங்கள் பேருந்திலேயே போகலாமா?"

முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பஸ்ஸில் போவதென்றால் அவளுக்கு உயிர். அர்ச்சுனன் குனிந்து செருப்பை மாட்டினார். "இன்னிக்கு பஸ்ஸு ரிப்பேர்மா" என்றார்.

"என்ன பழுது? நான் பார்க்கட்டுமா?"

அன்றைக்கே நிலைய அதிகாரியிடம் போய், வேறு எந்த வழியாக இருந்தாலும் சரி, மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். கோலா கங்சார் வண்டி கிடைத்தது. அதன் பிறகு அந்த ஊரின் பெயர் அவர் வாயில் வரவில்லை.

*

ஷர்மினி செய்தி சொன்ன அந்த மாலை, பட்டறையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மூவரும் ஒரு கடையின் முகப்பில் ஒதுங்கினார்கள். ஷர்மினி மடிக்கணினிப் பையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள்.

"அப்பா, உங்களுக்கு ஏன் அந்த ஊர் பிடிக்கவில்லை? அங்கே நீங்கள் ஒருமுறைகூட விபத்து செய்ததில்லையே."

அர்ச்சுனன் மழையைப் பார்த்தார்.

"கேள்வி கடினமாக இருக்கிறதா?"

"ஆமாம்மா. கொஞ்சம் கஷ்டம்தான்."

"அப்படியானால் பிறகு சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டாள். அவ்வளவுதான் அவளுக்கு. மனதில் வைத்துக்கொண்டு குத்திக்காட்டத் தெரியாது. தன் கோபத்துக்காக இந்தப் பிள்ளையின் வழியை அடைப்பதா என்று அர்ச்சுனனுக்கு வெட்கமாகப் போனது.

"புனிதா, நாளான்னைக்கு எனக்கு லீவுதான். நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

"அண்ணே என்னா சொல்லுவாரு?"

"ஒங்கண்ணே சொல்லிட்டாருல்ல, போயி பாத்துட்டு வாங்கன்னு. பாத்துட்டு வாரோம்லா."

புனிதா கையை நீட்டி மழை குறைகிறதா என்று பார்த்தாள். பிறகு, "சோறு தனியா, நெத்திலி தனியா கட்டித் தாரேன்" என்றாள்.

லீவு நாளன்று அர்ச்சுனன் அந்த வழி பஸ்ஸில் பயணியாகப் போனார். தாசேக் சாலையில் வண்டி திரும்பியதும், சின்ன வயதில் உட்காரும் அதே முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்த ஷர்மினி ஜன்னலில் விரலால் தாளம் போட்டாள். சந்தோஷமாக இருந்தால் அப்படித்தான் செய்வாள். ராத்திரி பெய்த மழையில் மலைகள் கழுவிவிட்டது போல் இருந்தன. வீட்டு மதில்களுக்கு மேலாக ரம்புத்தான் மரங்கள் காய்த்துத் தொங்கின. ஓட்டிக்கொண்டு போனவரையில் சாலையை மட்டுமே பார்த்திருந்த அர்ச்சுனன், இவ்வளவு அழகான ஊரையா இத்தனை நாள் வாயில் போட்டு மென்று துப்பினோம் என்று நினைத்துக்கொண்டார்.

இரும்புச் சாமான் கடைக்கு மேலே மாடிப்படி. மேலே கண்ணாடிக் கதவு, பூட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு தாங்கியில் தொடுதிரை ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. அந்த நிறுவனம் கிளினிக்குகளுக்கு விற்பதே அதைத்தான். பெயரைப் பதிந்தால் சீட்டு வரும், கதவு திறக்கும். ஷர்மினி அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். ஷர்மினி ஏ/பி அர்ச்சுனன்.

இந்த நாட்டில் நம் பெயர்கள் அப்படித்தான். மகனுக்கு ஏ/எல், மகளுக்கு ஏ/பி. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதை மலாய் மொழியில் சுருக்கி, நடுவில் ஒரு சாய்ந்த கோடு. பிறப்புப் பத்திரத்திலிருந்து கல்லறை வரைக்கும் கூடவே வரும்.

திரை சிவப்பானது. 'நாமா திடாக் சா' என்றது. பெயர் செல்லாது.

மறுபடி தட்டினாள். மறுபடி செல்லாது. உள்ளேயிருந்து ஓர் இளைஞன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தான். சட்டையில் ஷர்வின் என்று பெயர் குத்தியிருந்தது.

"அக்கா, சிலேஷ் கோடு எடுக்காதுலா. ஏபின்னு ஒட்டிப் போட்டுருங்க. எல்லாரும் அப்படித்தான்."

"அது என் பெயர் இல்லை."

"தெரியும்க்கா. சும்மா உள்ள வாரதுக்கு."

"சும்மா போட்டாலும் அது என் பெயர் இல்லை."

ஷர்வின் தலையைச் சொறிந்தான். "பாஸ் வெயிட் பண்றாங்க. இன்னும் ரெண்டு பேரு இன்டர்வியூக்கு வாராங்க. லேட்டானா அவங்களக் கூப்பிட்டுருவாங்க."

ஷர்மினி அசையவில்லை. முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அர்ச்சுனனுக்குப் பத்துமலையின் மூலை மேசை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு கோடு. ஒரே ஒரு கோட்டுக்காகப் பிள்ளையின் பிழைப்பு போகவேண்டுமா? அவர் கையை நீட்டினார், தானே ஏபி என்று தட்டிவிடலாம் என்று.

"வேண்டாம் அப்பா" என்றாள். "கோட்டுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் நீங்கள். கோட்டை எடுத்துவிட்டால், அந்தப் பக்கம் இருப்பது யார் என்று இதற்குத் தெரியாது."

அர்ச்சுனனின் கை அந்தரத்தில் நின்றது. இந்தப் பெண் பிறந்ததிலிருந்து அவரைக் கட்டிப்பிடித்தது இல்லை. தொட்டால் சுருங்கிக்கொள்வாள். அப்பா என்றால் பிடிக்குமா என்று யாராவது கேட்டால், எதைப் பொறுத்து என்று திருப்பிக் கேட்பாள். இவளுக்குப் பாசம் தெரியாது என்று உறவுக்காரர்கள் சொல்லும்போதெல்லாம், அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஒருவேளை அப்படித்தானோ என்று சந்தேகப்பட்டும் இருக்கிறார்.

அவருடைய வேலை அட்டையிலும் அந்தக் கோடு இல்லை. எந்த இயந்திரத்தில் விழுந்ததோ, வெறும் சதாசிவம் என்று அப்பாவின் பெயர் மட்டும்தான் அச்சாகி வந்தது. நிலையத்தில் புதிதாக வருகிறவர்கள் மிஸ்டர் சதாசிவம் என்றுதான் கூப்பிடுவார்கள். சுங்காய் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி, விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் தன் பெயர் கூப்பிடும்போது மட்டும் நிமிர்ந்து நின்ற மனிதர் சதாசிவம். அவர் பெயரைச் சொல்லி யாரோ டிக்கெட் கேட்கிறார்கள், மகன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறான். போனால் போகிறது என்று விட்டது எவ்வளவோ.

அர்ச்சுனன் கையை இறக்கிக்கொண்டார்.

"தம்பி, எம்மக பேரு அது இல்ல. முழுப்பேரு போட்டாத்தான் உள்ள வரும். ஒங்க பாஸ வெளிய வரச் சொல்லு. இல்லன்னா நாங்க இப்புடியே நிக்கிறோம்."

சொன்னபிறகுதான் தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்பதே அவருக்கு ஞாபகம் வந்தது. பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்ட தொண்டை.

சத்தம் கேட்டு ஒரு பெண்மணி வந்தார். குட்டை முடி, கையில் கோப்பிக் கோப்பை. நிறுவனத்தின் முதலாளி விமலா. ஷர்வின் விஷயத்தைச் சொன்னதும் கோபப்படுவார் என்று அர்ச்சுனன் எதிர்பார்த்தார். அவர் தன் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதிலும் கோடு இல்லை. ஏபி என்று ஒட்டித்தான் இருந்தது.

"எங்கம்மா வெச்ச பேரு, எங்கப்பா பேரு, நானே செஞ்ச மிஷின். அதுலயும் ஒட்டித்தாண்ணே போட்டிருக்கேன். பழகிப் போச்சு" என்றார். பிறகு ஷர்மினியிடம் திரும்பி, "ஏன் எடுக்க மாட்டேங்குது, சொல்லு பாப்போம்" என்றார்.

ஷர்மினி சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். "சீட்டைப் பெயரை வைத்துச் சேமிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சாய்கோடு வந்தால் கணினி அதைக் கோப்புறை என்று எடுத்துக்கொள்ளும். நான் ஒரு பெட்டி, என் அப்பா அந்தப் பெட்டிக்குள் இருக்கும் காகிதம் என்று நினைக்கும். தேடினால் கிடைக்காது. அதற்குப் பயந்து கோட்டையே தடுத்துவிட்டீர்கள். பெயரை வைத்துச் சேமிக்காமல் எண்ணை வைத்துச் சேமித்தால் தடுக்க வேண்டியதில்லை. தடுத்தது சோம்பல்."

அர்ச்சுனன் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு என்று நினைத்தார்.

விமலா வாய்விட்டுச் சிரித்தார். "சோம்பல்தான். செய்யணும் செய்யணும்னு இருந்து அப்படியே கெடக்குது. நீ செஞ்சு காட்டுறியா? வாடிக்கையாளருது வேணாம், இந்தக் கதவு மிஷின் மட்டும்."

"செய்கிறேன். ஆனால் நான் இன்னும் பதியவில்லை. உள்ளே வரக்கூடாது."

"ஷர்வின், மடிக்கணினிய வெளிய எடுத்துட்டு வாப்பா."

அப்படித்தான் அந்த நேர்முகத் தேர்வு மாடிப்படியில் நடந்தது. ஷர்மினி படியில் உட்கார்ந்து தட்டினாள். விமலா பக்கத்துப் படியில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டேயிருந்தார், கண்ணைப் பார்க்கச் சொல்லாமல். அடுத்து வந்த இரண்டு பேரும் இவர்களைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். விமலா இடையில் எழுந்து போய் அவர்களிடமும் கேள்வி கேட்டுவிட்டு வந்தார். மதியம் ஷர்மினி சோற்றைத் தனியாகவும் நெத்திலியைத் தனியாகவும் சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். ஒருதடவை ஏதோ தப்பாகப் போய்த் திரை மொத்தமும் அணைந்தது. ஷர்வின் அலமாக் என்று தலையில் கைவைத்தான். அவள் விரல் மட்டும் முழங்காலில் தாளம் போட்டது. இது ஓடிவிடும் என்று அர்ச்சுனனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கடைசியில் எழுந்து திரையில் பெயரைத் தட்டினாள். பச்சை. சீட்டு வெளியே வந்தது. அதில் முழுப்பெயரும் கோட்டோடு இருந்தது. கதவு திறந்தது. உள்ளே ஓரடி வைத்தவள் திரும்பி வந்தாள்.

"அப்பா, நீங்களும் பதியுங்கள்."

அர்ச்சுனன் ஒரு விரலால் தட்டினார். ஏ, அடுத்து கோடு, அடுத்து எல். அவர் பெயர் ஒரு பக்கம், சதாசிவம் மறுபக்கம். சீட்டைக் கிழித்து மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியது. மறைக்கவும் இல்லை.

"எனக்கும் ஒண்ணு போடு" என்றார் விமலா. தன் சீட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "திங்கக்கெழமை வந்துரு. ஒனக்கு எந்த எடத்துல சத்தம் கம்மியா இருக்கும்னு நீயே பாத்து ஒக்காந்துக்க" என்றார்.

*

வீட்டில் புனிதா மகளின் சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "ஏங்க, ஒரு கோட்டுக்காவா நிக்க வெச்சாங்க?" என்றாள். அர்ச்சுனன் மகள் சொன்னதைச் சொன்னார். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். புனிதா முறுக்கு மாவு காய்ந்த கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகையோடே, "எம்பேரு அதுல எங்கயும் இல்லியே" என்று சண்டையும் போட்டாள். ஷர்மினி அதைக் கேட்டு வெகுநேரம் யோசித்தாள். நியாயமான கேள்விதான், ஆனால் அது பதிவு இலாகாவின் விஷயம் என்றாள். புனிதாவுக்கு அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது.

அர்ச்சுனன் நிலைய அதிகாரியிடம் போய் நின்றார். "என் பழைய ரூட்ட எனக்கே குடுத்துருங்க" என்றார். எந்த ரூட் என்று அவர் கேட்டார். அர்ச்சுனன் ஊரின் பெயரைச் சொல்லியே கேட்டார்.

திங்கட்கிழமை காலை மேடான் கிட்டில் நல்ல கூட்டம். ஷர்மினி காதில் ஹெட்போனோடு, ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள முன்னிருக்கையில் உட்கார வந்தாள். நிலையத்துக் கடைகளுக்கு டப்பா போட வந்த பத்துமலை அவர்களைப் பார்த்துவிட்டார். வேலை கிடைத்த செய்தி அவர் காதுக்குப் போயிருந்தது. எந்த வழியில் அர்ச்சுனன் ஓட்டுகிறார் என்பதுதான் தெரியாது. கடைக்காரர்களும் நாலைந்து ஓட்டுநர்களும் பார்த்துக்கொண்டிருக்க, தாய்மாமன் தோரணையில் சத்தமாகவே கேட்டார்.

"என்னம்மா, எங்க கெளம்பிட்டே?"

ஷர்மினி ஹெட்போனைக் கழற்றினாள். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு, மாமா. நீங்கள்தான் என்னை அங்கே அனுப்ப வேண்டும் என்று சொன்னீர்கள். நாளைக்கே என்று சொன்னீர்கள். அன்றைக்கு அப்பாவின் பேருந்து பழுதாகிவிட்டது. அதனால்தான் இவ்வளவு தாமதம்."

பத்துமலை அவள் முகத்தைப் பார்த்தார். கேலி இருக்கிறதா என்று தேடினார். கேலி இல்லை, கோபம் இல்லை. மாமா சொன்ன ஒரு வேலை பாக்கி இருந்தது, இன்றைக்கு முடிகிறது, அவ்வளவுதான். அவருக்கு அந்தத் தீபாவளி ஞாபகம் வந்தது. அர்ச்சுனனைப் பார்க்க முடியாமல் டப்பா வண்டியைப் பார்த்தார். பிறகு அதிலிருந்து பெரிதாக ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இந்தாடா. ஒங்க ஓப்பீஸ்ல எல்லாருக்கும் குடு. மாமா குடுத்தாருன்னு சொல்லு." சிவப்பு மூடியை விரலால் தட்டினார். "தொறந்து பாத்துக்க. ஆணி இல்ல."

அவள் சிவப்பு மூடியைத் திறந்து, நன்றாக உள்ளே பார்த்துவிட்டு மூடினாள். "இல்லை. ஆனால் அன்று இருந்தவை ஆணிகள் அல்ல மாமா, திருகாணிகள்" என்றாள். பஸ்ஸுக்குள் ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

அர்ச்சுனன் இருக்கையில் ஏறினவர் இறங்கி வந்தார். படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். சட்டைப் பையில் இருந்த சீட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தஞ்சோங் ரம்புத்தான்!" என்று கூவினார். "வாங்க, வாங்க, தஞ்சோங் ரம்புத்தான்! தஞ்சோங் ரம்புத்தான்!"

நிலையம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவர் நிறுத்தவில்லை. அவ்வளவு சத்தமாகக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. பஸ் எப்போதோ நிறைந்துவிட்டிருந்தது.